கத்தரித்து எறிந்த நாடு!

1

"ஐயோ... ஜெயாம்மா செத்துப் பூட்டாங்க!"

கன்னியம்மாளின் அலறல் காவலூர் சாலையின் அடுத்த வளைவு வரைக்கும் கேட்டது.

காலை எட்டே முக்கால்.

மலையில் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. 'குளிர்மலை' கம்பெனியின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே குடோனில், ஸ்வெட்டர் பெட்டிகளுக்கு நடுவே, ஜெயசுதா குப்புறக் கிடந்தாள்.

பின்மண்டையில் ரத்தம்.

பக்கத்தில் ஒரு பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டி. அதன் முனையிலும் ரத்தம்!

ஜெயசுதாவுக்கு முப்பத்தைந்து வயது. மலைக் கிராமத்துப் பெண்கள் கையால் பின்னிய ஸ்வெட்டர்களை 'காவலூரில் செய்தது' என்று லேபிள் தைத்து நாடு முழுக்க விற்றவள். நட்சத்திரம் பார்க்க அப்சர்வேட்டரிக்கு வருகிறவர்கள், இவள் கடையில் ஒரு குல்லாவாவது வாங்காமல் மலை இறங்க மாட்டார்கள்.

இருபத்தைந்து நிமிடத்தில் ஆலங்காயத்திலிருந்து போலீஸ் ஜீப் வந்து சேர்ந்தது. பின்னாலேயே 108 ஆம்புலன்ஸ்.

ஜீப்பிலிருந்து குதித்தாள் இன்ஸ்பெக்டர் செந்தாமரை. பேசும்போது சிரிக்கவே மாட்டாள். அதனாலேயே அவள் பேச்சைக் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். இன்று யாருக்கும் வரவில்லை.

குனிந்தாள். ஜெயசுதாவின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தாள்.

ஐந்து விநாடி...

பத்து விநாடி...

நிமிர்ந்தாள்.

"முடிஞ்சிடுச்சா மேடம்?" என்றார் ஏட்டு ராஜவேலு, தொப்பியைக் கழற்றியபடியே.

"தொப்பியப் போடுங்க ஏட்டய்யா. ஆம்புலன்ஸ் ஆளுங்களத் தவிர எல்லாரையும் வெளிய அனுப்புங்க!"

ஜெயசுதாவின் வலது கை இறுக மூடியிருந்தது. செந்தாமரை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளங்கையில் நகம் அளவுக்கு ஒரு சாட்டின் துணித் துண்டு. ஓரத்தில் பிய்ந்த நூல். நடுவில் பொடி எழுத்துகள்.

படித்தாள். ஒரு சின்ன கவரில் போட்டுச் சட்டைப் பைக்குள் தள்ளினாள்.

"இன்னா மேடம் அது?"

"துணி."

"அது தெரியுது மேடம்..."

"தெரியுதுல்ல? அப்புறம் இன்னா கேள்வி?"

ஆம்புலன்ஸ் சைரன் அலற மலை இறங்கியது. வாசலில் நின்ற கூட்டம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தது.

செந்தாமரை கட்டடத்தின் பின்பக்கம் போனாள். இன்னும் புகைந்துகொண்டிருந்தது ஒரு குவியல். காகிதச் சாம்பல். அதற்கு நடுவே உருகி இறுகிய கறுப்புக் கட்டிகள்.

"துணி எரிஞ்சா சாம்பலாவணும். இது இன்னா மேடம், மெழுகு மாரி கீது?"

"லேபிள் ஏட்டய்யா. பாலியெஸ்டர் லேபிள். நூத்துக்கணக்குல போட்டு எரிச்சிருக்கான். இது சாம்பலாவாது. உருகும்."

குடோனுக்குள் திரும்பினாள். ரேக்குகளில் இருந்த பெட்டிகளைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஆறாவது ரேக்கில் நின்றாள். அங்கே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் மட்டும் அட்டை உரிந்து வெளுத்திருந்தது.

ஸ்டிக்கரைக் கிழித்திருக்கிறார்கள்!

"ஏட்டய்யா... இந்தப் பொட்டிங்க இந்த ஊருது இல்ல."

"அப்போ எந்த ஊரு மேடம்?"

"ஊரு இல்ல. நாடு!"

ராஜவேலு வாயைப் பிளந்தார்.

"சைனாவா மேடம்?"

செந்தாமரை சட்டைப் பையைத் தட்டிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

2

கன்னியம்மாள் அழுதுகொண்டே பேசினாள். நாற்பது வயது. பக்கத்து மலைக் கிராமம். சாமையும் புளியும் போக, ஸ்வெட்டர் பின்னுவதுதான் வருமானம்.

"நேத்து சாய்ங்காலம் ஜெயாம்மா போன் போட்டாங்க. 'ஏன் கன்னியம்மா, ஸ்வெட்டரு எத்தினி பின்னி வெச்சிருக்கே?'ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"ஏன்?"

"ஆறு மாசமா எங்க பக்கம் ஒருத்திக்கும் வேலையே இல்லியே! நூலு வரல. கேட்டா ஆர்டரு இல்லன்னாங்க."

"யாரு சொன்னது?"

"நவீனண்ணன். ஜெயாம்மா வூட்டுக்காரரு. நூல் குடுக்கறது, சரக்கு வாங்கறது எல்லாம் அவருதான்."

"இதக் கேட்டு ஜெயசுதா இன்னா சொன்னாங்க?"

"'ஆறு மாசமாவா?'ன்னு ரெண்டு தடவ கேட்டாங்கம்மா. அப்புறம் 'காலையில நேர்ல வா'ன்னாங்க. வந்தேன்... இப்பிடிக் கெடக்கறாங்க!"

கன்னியம்மாள் மூக்கைச் சிந்தினாள். சட்டென்று அவள் முகம் மாறியது.

"இது யாரு வேலைன்னு எனக்குத் தெரியும்மா!"

"யாரு?"

"வெண்ணிலா! ஆலங்காயத்துல கடை வெச்சிருக்காளே, அவ! இந்தம்மா பேரச் சொன்னாலே அவளுக்கு மூஞ்சி கறுத்துடும். நான் வர்றப்போ அந்த வளைவுல ஸ்கூட்டிய நிறுத்திகினு ஒக்காந்திருந்தா!"

"எத்தினி மணி?"

"எட்டரை இருக்கும். என்னையப் பாத்ததும் வண்டிய எடுத்துகினு போய்ட்டா!"

செந்தாமரை ஜீப்பில் ஏறினாள்.

"ஏட்டய்யா, நீங்க இங்கயே இருங்க. புருஷங்காரன் வந்தா உக்கார வைங்க. ஆஸ்பத்திரின்னு கேட்டா உடனே எனக்குப் போன் போடுங்க."

"கேக்கலன்னா?"

ஜீப் கிளம்பிவிட்டது.

3

ஆலங்காயம் கடைத்தெருவில் ஒரு பத்தடிக் கடை. இரண்டு தையல் மெஷின். கண்ணாடி அலமாரியில் ஏழெட்டு ஸ்வெட்டர்கள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் வெண்ணிலா. ஜெயசுதாவின் வயதுதான்.

அழவில்லை. சுவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம். வருவீங்கன்னு தெரியும். ஊரே சொல்லுது, அவ செத்துட்டான்னு."

"உங்களுக்கு அவங்க மேல இன்னா கோவம்?"

"கோவமா? வயித்தெரிச்சல் மேடம்! அத நல்லா எழுதிக்கோங்க. எனக்கு மறைக்கத் தெரியாது."

செந்தாமரை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

"ரெண்டு பேரும் ஒரே பயிற்சி வகுப்பு. ஒரே பஸ்ஸு. கம்பெனி ஆரம்பிச்சதும் ரெண்டு பேரும்தான். அவளுக்குப் பேச வரும். எனக்குப் பின்ன வரும். அஞ்சு வருஷம் முன்னாடி பேப்பர்லேருந்து போட்டோ எடுக்க வந்தாங்க. வந்தவங்களுக்கு டீ வாங்கியாரச் சொல்லி என்னைய அனுப்புனா. நான் டீயோட வர்றேன், போட்டோ முடிஞ்சிடுச்சு! மறுநாள் பேப்பர்ல பெருசா அவ மூஞ்சி. கீழ 'சாதனைப் பெண்'. அதுல என் மூக்குகூட விழல!"

"அதுக்கா பிரிஞ்சீங்க?"

"உங்களுக்கு அது சின்னதாத் தெரியும். அன்னியிலேருந்து அவ புதுப் புடவை கட்னா எனக்குத் தூக்கம் வராது. அவ போர்டுல லைட் போட்டா எனக்கு சோறு எறங்காது. இப்பப் பாருங்க... சாவறதுலயும் என்னைய முந்திக்கினா!"

சொல்லி முடிக்கும் முன்பே அவள் உதடு கோணியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காலையில எட்டரைக்கு அங்க இன்னா வேலை உங்களுக்கு?"

வெண்ணிலா தன் போனை எடுத்து நீட்டினாள்.

ஏழு மிஸ்டு கால்கள்! ஜெயசுதாவின் எண்ணிலிருந்து. ஏழே காலில் ஆரம்பித்து ஏழே முக்கால் வரை. கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"அஞ்சு வருஷமா பேசாதவ ஏழு தடவ கூப்பிடறா. ஏதோ பெருமை அடிக்கத்தான்னு நெனச்சி நான் எடுக்கல. ஆனா மனசு கேக்கல. வண்டிய எடுத்துகினு போய்ட்டேன். வளைவுல நின்னா அவ போர்டு தெரிஞ்சுது. புதுசா, பெருசா. அவ்ளோதான். உள்ள போவ காலு வரல."

"வேற ஏதாவது பாத்தீங்களா?"

"அவ கட்டடத்துக்குப் பின்னாடி கறுப்பா பொகை வந்துச்சு. குப்பையக்கூட ஜோராத்தான் எரிக்கறான்னு நெனச்சேன்."

"இந்த மெசேஜக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அவ கொரலக் கேட்டா எனக்கு எரியும் மேடம்."

செந்தாமரை பொத்தானைத் தொட்டாள். கடைக்குள் ஜெயசுதாவின் குரல் ஒலித்தது. மூச்சு வாங்கும் குரல்!

"வெண்ணி... நான்தான் ஜெயா. கட் பண்ணிடாதடி. ஒரு கஸ்டமரு ஸ்வெட்டரத் திருப்பி அனுப்பியிருக்காரு. கழுத்துல நம்ம லேபிள். உள்பக்கம் இடுப்புத் தையல்ல வேற நாட்டு லேபிள்! என் பேரப் போட்டு வெளிநாட்டு சரக்கு போய்ட்டு இருக்குடி. ஆறு மாசமா. எனக்கே தெரியாம! பதினோரு மணிக்கு ஆபீசரு வர்றாரு. நானே வரச் சொல்லியிருக்கேன். உண்மையச் சொல்லிடப் போறேன். எது நம்ம பொம்பளைங்க பின்னுனது, எது மெஷின்ல வந்ததுன்னு தடவிப் பாத்து சொல்ல உன் கைக்குத்தான் தெரியும். எனக்கு அந்தக் கை இல்லடி. வர்றியா?"

மெசேஜ் முடிந்தது.

வெண்ணிலா எழுந்தாள். அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"'எனக்கு அந்தக் கை இல்லடி'ன்னா சொன்னா...?"

"ம்."

"இத அஞ்சு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா இன்னாவாம் அவளுக்கு!"

இப்போதுதான் அழுகை வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"எந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போயிருக்காங்க மேடம்? நான் போவணும்."

செந்தாமரை அவளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள்.

"போவலாம். மொதல்ல உங்க கை எனக்கு வேணும். வண்டியில ஏறுங்க!"

4

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

குளிர்மலை வாசலில் தோல் பையோடு நின்றிருந்தார் அதிகாரி சின்னராஜ். பொருட்களின் மேல் ஒட்டியிருக்கும் எடை, விலை, லேபிள் சரியா என்று சோதிக்கும் துறை. நடந்ததைக் கேட்டு முகம் வெளிறிப் போயிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில், நாற்காலியில் தலையில் கை வைத்தபடி ஒருவன். கசங்கிய சட்டை. சிவந்த கண்கள். காலடியில் ஒரு துணிப்பை.

நவீன்குமார். ஜெயசுதாவின் கணவன்.

ராஜவேலு ஓடி வந்து செந்தாமரையின் காதருகே குனிந்தார்.

"பத்து மணிக்கு வந்தாரு மேடம். காலையில ஏழு மணிக்கே வாணியம்பாடிக்கு ஜிப்பும் நூலும் வாங்கப் போய்ட்டாராம். ஒரே அழுகை."

"ஆஸ்பத்திரி பத்திக் கேட்டாரா?"

"இல்ல மேடம். பாடி எப்ப குடுப்பீங்கன்னு கேட்டாரு."

செந்தாமரை தலையசைத்தாள். சின்னராஜ் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்களுக்குப் புகார் வந்ததா?"

"போன வாரமே தபால்ல ஒண்ணு வந்துச்சு மேடம். நாங்க கிளம்பறதுக்குள்ள நேத்து அந்தம்மாவே போன் பண்ணாங்க. 'என் குடோன்ல தப்பு நடக்குது, வந்து பாருங்க'ன்னு. தன் மேலயே புகார் சொன்ன ஆள நான் இப்பத்தான் பாக்கறேன்... பாக்கறதுக்குள்ள..."

"வெளிநாட்டு சரக்கு விக்கறது குத்தமா சார்?"

"சேச்சே! தாராளமா விக்கலாம். எந்த நாட்டுல செஞ்சது, யாரு இறக்குமதி பண்ணதுன்னு லேபிள்ல போட்டுட்டு வித்தா ஒரு தப்பும் இல்ல. அத வெட்டிட்டு உள்ளூர்ப் பேரத் தைக்கறதுதான் குத்தம். வாங்கறவன் இந்த மலைப் பொம்பளைங்களுக்குப் போவுதுன்னு நெனச்சி வாங்கறான் பாருங்க. அவனையும் ஏமாத்தி, இவங்களையும் ஏமாத்தறது!"

"தபால்ல வந்த புகார்ல யாரு பேரு?"

சின்னராஜ் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"வெண்ணிலா, ஆலங்காயம்."

"நானா?" வெண்ணிலா துள்ளினாள். "சத்தியமா நான் எழுதல! எழுதணும்னு எனக்குத் தோணாமப் போச்சேன்னுதான் இப்ப வயிறு எரியுது!"

"படிங்க சார்," என்றாள் செந்தாமரை.

"'குளிர்மலை குடோனில், ஆறாவது ரேக்கில், முப்பத்திரண்டு பெட்டி வெளிநாட்டு ஸ்வெட்டர்கள் உள்ளன...'"

"வெண்ணிலா, நீங்க இந்த குடோனுக்குள்ள வந்திருக்கீங்களா?"

"இது கட்டியே ரெண்டு வருஷம்தான் ஆவுது. நான் வெளியேறி அஞ்சு வருஷம். வாசப்படிகூட மிதிச்சதில்ல."

"இப்ப மிதிங்க!"

வெண்ணிலா உள்ளே நடந்தாள். ரத்தம் படிந்த இடத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறாவது ரேக்கில் ஒரு பெட்டியைப் பிரித்து ஸ்வெட்டரை எடுத்தாள். உள்பக்கத்தைத் திருப்பிக் கட்டைவிரலால் தடவினாள்.

"மெஷின்."

அடுத்த பெட்டி.

"மெஷின்."

"எப்பிடி சொல்றீங்க?"

"கையால பின்னுனா ஒரு வரி இறுக்கமா இருக்கும், ஒரு வரி தளர்ந்திருக்கும். புள்ள அழுவும், பால் பொங்கும், எழுந்து போய்ட்டு வந்து பின்னுவாளுங்க. இதுல யாரும் எழுந்தே போவல மேடம்."

எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து முடிக்கப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. முப்பத்திரண்டு பெட்டியும் மெஷின்! எல்லாவற்றிலும் கழுத்தில் மட்டும் 'குளிர்மலை, காவலூர்' லேபிள் புது நூலில் தைத்திருந்தது. இடுப்புத் தையலில் இருந்த லேபிள்களை யாரோ ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

நாட்டின் பெயர் எங்கேயும் இல்லை. ஒரு பெட்டியிலும் இல்லை. ஒரு ஸ்வெட்டரிலும் இல்லை!

செந்தாமரையின் சட்டைப் பையைத் தவிர...

5

"நவீன்குமார், கொஞ்சம் பேசலாமா?"

அவன் கண்ணைத் துடைத்தபடி எழுந்தான்.

"கேளுங்க மேடம். இனிமே எனக்கு இன்னா இருக்குது..."

"உங்க குடோன்ல வெளிநாட்டு ஸ்வெட்டர் இருக்கு. தெரியுமா?"

"இப்பத்தான் மேடம் தெரியும். இந்த ஐயா சொல்லித்தான். எனக்கு இன்னா தெரியும்? நான் நூல் குடுப்பேன், சரக்கு வாங்கியாருவேன். அவ்ளோதான்."

"மலையில ஆறு மாசமா நூலே குடுக்கலையே?"

"ஜெயாதான் வேணாம்னா. 'ஆர்டரு இல்லன்னு சொல்லிடு'ன்னா. சொன்னேன். அவ பேச்சத்தான் நான் கேப்பேன். ஊருக்கே தெரியும்."

"அப்போ இதெல்லாம் அவங்க வேலைன்னு சொல்றீங்க?"

"போய்ச் சேந்தவளப் பத்தித் தப்பாப் பேசக் கூடாது மேடம்..." நவீன்குமார் தொண்டையைச் செருமினான். "ஆனா பேரு, புகழு, போட்டோன்னு ஓடுனவ அவ. எவ்ளோ சரக்கு வந்தாலும் பத்தல. அதுக்காக, கம்போடியாவுலேருந்து வரவழைச்சி நம்ம பேரத் தைக்கற அளவுக்குப் போவான்னு நான் கனவுலகூட..."

"எங்கேருந்து?"

"கம்போ..."

நின்றுவிட்டான்.

சின்னராஜின் பேனா தரையில் விழுந்து உருண்டது.

செந்தாமரை சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தாள். உள்ளே அந்தச் சாட்டின் துண்டு. வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மேட் இன் கம்போடியா!"

"மேடம், அது... அது ஆபீசர் சொன்னாரு..."

"நான் எந்த நாட்டுப் பேரும் சொல்லலையே!" என்றார் சின்னராஜ் பதறி. "புகார்லயும் நாட்டுப் பேரு இல்ல!"

"எங்க ஏட்டய்யா காலையில சைனாவான்னு கேட்டாரு. யாரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. இந்தத் துண்டப் படிச்சது ரெண்டே பேரு. நானு... அப்புறம் உங்க சம்சாரம். மூணாவதா தெரிஞ்ச ஆளு, லேபிள உக்காந்து வெட்டுன ஆளாத்தான் இருக்கணும்!"

"நான் வாணியம்பாடியில இருந்தேன்! தோ பாருங்க ஜிப்பு, நூலு..."

ராஜவேலு அவன் துணிப்பையைக் கவிழ்த்தார். ஜிப் பொட்டலத்தோடு ஒரு பில் விழுந்தது.

"மேடம், நேத்து தேதி!"

நவீன்குமார் நாற்காலியில் சரிந்தான். அவன் முகத்திலிருந்து அழுகை காணாமல் போயிருந்தது.

தரையைப் பார்த்தபடி பேசினான்.

"கல்யாணப் பத்திரிகையில என் பேரு மொதல்ல இருந்துச்சு மேடம். அதுக்கப்புறம் எங்கயும் இல்ல."

கீழே கிடந்த பில்லைக் காலால் ஒதுக்கினான்.

"பேங்க்குக்குப் போனா 'மேடம் வரலையா?' காதுகுத்துக்குப் போனா 'ஜெயசுதா வூட்டுக்காரரு வந்திருக்காரு, சேரு போடு.' எனக்குன்னு ஒருத்தன் சேரு போட்டதில்ல. அவளுக்கு மாலை போடறப்போ அவ கைப்பையப் புடிச்சிகினு நிப்பேன். கைதட்டக்கூட முடியாது!"

"அதுக்கு?"

"அவ ஒரு படி கீழ எறங்கணும். அவ்ளோதான் நெனச்சேன். மெட்ராஸ்ல ஒரு ஆளு கிட்ட சரக்கு வாங்கி லேபிள மாத்துனேன். நானே இந்த வெண்ணிலா பேர்ல புகாரும் எழுதுனேன். ஆபீசரு வருவாரு, அவ பேரு நாறும், போட்டோ புடிச்ச பேப்பர்காரனே காறித் துப்புவான். அப்போ அவளுக்கு நான்தான் தொணைன்னு ஆவும்."

"பாவி! உன்னால எத்தினி பேரு வூட்டுல அடுப்பு அணைஞ்சிது தெரியுமா?" வாசலிலிருந்து கத்தினாள் கன்னியம்மாள்.

"இன்னிக்கு காலையில இன்னா ஆச்சு?" என்றாள் செந்தாமரை.

"லேபிளக் கையில வெச்சிகினு 'இது இன்னா நவீன்?'னு கேட்டா. மெட்ராஸ் பில்லு என் அலமாரியில இருந்தத எடுத்துட்டா. கத்துவான்னு நெனச்சேன். கத்தல. அழல. 'உன்ன நம்புனது என் தப்பு. ஆபீசர் கிட்ட எல்லாத்தையும் என் மேல போட்டுக்கறேன். உன் பேரு வராது. நீ வூட்டுக்குப் போ'ன்னா..."

அவன் விரல்கள் நாற்காலிப் பிடியை நெரித்தன.

"அங்கயும் அவதான் பெரிய மனுஷி மேடம்! தப்பு பண்ணது நானு. அதுலகூட என் பேரு வராதாம்! இஸ்திரிப் பொட்டி கைக்கு எட்டுச்சு..."

வெண்ணிலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அஞ்சு வருஷமா எரிஞ்சேன்யா," என்றாள் மெதுவாக. "ஊரு முழுக்கச் சொல்லிச் சொல்லி எரிஞ்சேன். ஒரு நாளாவது அவள அடிக்கணும்னு கை தூக்கலயே! நீ சிரிச்சிகினே அவ பக்கத்துல படுத்திருந்தியே..."

அந்த நேரத்தில் செந்தாமரையின் போன் அடித்தது.

எடுத்தாள். கேட்டாள். முகத்தில் எதுவும் மாறவில்லை.

"சரிங்க டாக்டர். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிதுல்ல? போதும். நன்றி."

வைத்தாள்.

நவீன்குமார் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"யா... யாருக்கு ஆபரேஷன்?"

"உங்க சம்சாரத்துக்கு. வேலூர்ல."

"அவ... சாகல?"

"செத்துட்டாங்கன்னு நான் எப்பய்யா சொன்னேன்? கழுத்துல விரல வெச்சப்பவே நாடி ஓடிச்சு. ஊரு தானாப் பேசிக்கிச்சு. நானும் திருத்தல. அடிச்சவன் யாருன்னு தெரியறதுக்குள்ள 'உயிர் இருக்கு'ன்னு சொன்னா, அவன் ஆஸ்பத்திரி வரைக்கும் போயி வேலைய முடிச்சிடுவான். அப்புறம், வெண்ணிலாகூட எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டாங்க. ஆம்புலன்ஸ்ல போன பொண்டாட்டிக்கு நீங்க கேட்டது பாடி!"

வெண்ணிலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மாள் கும்பிட்டபடி ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

ராஜவேலு விலங்கை மாட்டினார். வாசலைத் தாண்டும்போது செந்தாமரை நவீன்குமாரின் தோளைத் தட்டினாள்.

"கவலைப்படாதீங்க. நாளைக்கு பேப்பர்ல உங்க போட்டோ வரும். பெருசா. பக்கத்துல யாருமே இல்லாம!"

6

மூன்றாம் நாள் பகல்.

வேலூர் ஆஸ்பத்திரி வார்டு. தலை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தாள் ஜெயசுதா. செந்தாமரை நடந்ததையெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

கணவனைப் பற்றி ஜெயசுதா ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் காது வழியாகத் தலையணையில் இறங்கியது. செந்தாமரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெயசுதா கேட்டாள்.

"ஸ்வெட்டரு எல்லாம் இன்னா ஆச்சு மேடம்?"

"முப்பத்திரண்டு பொட்டியும் சீல் வெச்சாச்சு. வாங்கின எல்லாருக்கும் விஷயத்தச் சொல்லி, சரக்கத் திரும்ப எடுத்துக்கறோம்னு உங்க கம்பெனி பேர்ல கடிதாசு போவுது. சின்னராஜ் சார்தான் எப்பிடி எழுதணும்னு சொல்லிக் குடுத்தாரு."

"யாரு எழுதறது? அங்க யாரு இருக்கா?"

செந்தாமரை கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

வாசல் பெஞ்சில் வெண்ணிலா. மூன்று நாளாக அதே புடவை. மடியில் ஒரு நோட்டு, பாதி எழுதிய கடிதங்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவந்து போயிருந்தது.

"வெண்ணி..."

வெண்ணிலா எழுந்து வந்தாள். கட்டிலுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டாள். ஜெயசுதாவின் தலைக்கட்டைப் பார்த்ததும் மறுபடி உடைந்து அழுதாள்.

ஜெயசுதா வலியோடு கையை நீட்டினாள்.

"ஏண்டி இப்பிடி அழுவுற? நான் செத்திருந்தா என் ஆர்டரு மொத்தமும் உனக்குத்தானேடி வந்திருக்கும்?"

வெண்ணிலா அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். விம்மலுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"அதுக்குத்தாண்டி அழுவுறேன்!"